வண்டி தூக்கித் தூக்கிப் போடுதா? ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் காற்றைப் பாருங்க!

நாமக்கல்:

பொலிரோ, சுமோ, ஸ்கார்பியோ, குவாலிஸ், இன்னோவா என்று வாடகை வண்டி ஓட்டும் டிரைவர்கள் ஒர்க்‌ஷாப்பில் வந்து சொல்லும் புகார்களில் முக்கியமானது, "அண்ணே, வண்டி தூக்கித் தூக்கிப் போடுது" என்பதுதான். இதைக் கேட்டவுடன் பல இடங்களில் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்லி விடுகிறார்கள். டிரைவரும் கடன் வாங்கி 4 ஷாக் அப்சார்பரையும் மாற்றுகிறார். வண்டியை வெளியே எடுத்து முதல் வேகத்தடையில் ஏறி இறங்கினால், முன்பை விட அதிகமாகத் தூக்கிப் போடுகிறது. செலவு செய்த பணமும் போச்சு, பிரச்சினையும் தீரவில்லை.

வண்டி தூக்கிப் போடுவதற்கு ஒரே காரணம் கிடையாது. டயர் காற்றில் இருந்து சேசிஸ் ரப்பர் வரை குறைந்தது 7, 8 இடங்களில் கோளாறு இருக்கலாம். காசு செலவாகாத சோதனையை முதலில் செய்து, செலவு வைக்கும் வேலையைக் கடைசியில் செய்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். அதற்கான வழிமுறைகள் வருமாறு:-

எது எடையைத் தாங்குகிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட வேண்டும். வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் அல்ல. எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர் வேலை. அதன் உள்ளே ஆயில், பிஸ்டன், சின்னச் சின்ன ஓட்டைகள் கொண்ட வால்வு இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது ஆயில் அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தடைதான் ஆட்டத்தை நிறுத்துகிறது.

ஆகவே ஷாக் அப்சார்பர் செத்துப் போனால் வண்டி படகு மாதிரி ஆடும், குதிக்கும். "கட்டை வண்டி மாதிரி விறைப்பா இருக்கு" என்றால் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

ஸ்பிரிங்கிலும் ரகம் உண்டு. பொலிரோவில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் லாரியில் இருப்பது போல பட்டை. இன்னோவாவில் முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங். 2000-ம் ஆண்டு அறிமுகமாகி, இன்றும் சில ஊர்களில் ஓடிக்கொண்டு இருக்கும் குவாலிசில் முன்பக்கம் டார்சன் பார் என்ற முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டை. எந்த வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்தால்தான் கோளாறைப் பிடிக்க முடியும்.

எப்போது தூக்கிப் போடுகிறது?

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் டிரைவரே கவனிக்க வேண்டிய விஷயம் இது. இதைச் சரியாகச் சொன்னாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது.

* காலி வண்டியில் தூக்கிப் போட்டு, 7 பேர் ஏறியதும் சரியாகி விட்டால், காற்று அதிகம் அல்லது ஸ்பிரிங், பட்டை தேவைக்கு மேல் கடினமாக இருக்கிறது.

* காலியாகப் போகும்போது நன்றாக இருந்து, ஆள் ஏறியதும் பள்ளத்தில் "மடார்" என்று இடித்தால் ஸ்பிரிங் தளர்ந்து உட்கார்ந்து விட்டது.

* வேகத்தடை தாண்டிய பிறகும் 2, 3 தடவை குதித்துக்கொண்டே போனால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

* குதிப்பு இல்லை, ஆனால் சின்னப் பள்ளத்துக்கும் "டொக்... டொக்..." என்று சத்தம் வந்தால் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

* நல்ல தார் ரோட்டிலும் பொடிப்பொடியாக அதிர்வு வந்து கொண்டே இருந்தால் டயரையும் காற்றையும் பார்க்க வேண்டும்.

முன்பக்கமா, பின்பக்கமா என்று தெரியவில்லை என்றால் இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு டிரைவர் பின் சீட்டில் உட்கார்ந்து அதே ரோட்டில் ஒரு தடவை போய் வந்தால் போதும். புரிந்துவிடும்.

முதல் சோதனை காற்று

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ, கதவு ஓரத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு எத்தனை பாயிண்ட், பின் டயருக்கு எத்தனை பாயிண்ட், ஆள் நிறைய ஏறினால் எத்தனை என்று அதில் போட்டிருக்கும். ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

டயர் ஓரத்தில் அச்சடித்து இருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்று அடிப்பது தவறு. அது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு. வண்டிக்குத் தேவையான அளவு அல்ல. அந்த அளவுக்கு அடித்தால் டயர் கல்லு மாதிரி ஆகிவிடும். சின்ன ஜல்லி மீது ஏறினாலும் அதிர்வு நேராக சீட்டுக்கு வரும்.

இன்னொன்று, காற்றை வண்டி ஓடும் முன் காலையில் பார்க்கணும். 50 கி.மீ. ஓட்டிவிட்டு சூடான டயரில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கி விட்டால் குளிர்ந்த பிறகு அளவு குறைந்துவிடும். காற்று குறைந்த டயர் வெயிலில் சூடேறி வெடிக்கும் ஆபத்து உண்டு. "மெத்தென்று இருக்கட்டும்" என்று ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கீழே இறக்குவதும் ஆபத்துதான்.

டயரும் பேசும்

டயர் ஓரத்தில் கடைசியாக இருக்கும் 4 எண்கள் அது தயாரான தேதியைச் சொல்லும். உதாரணமாக 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பட்டன் நிறைய இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஓரங்களில் வெடிப்பும் தெரியும். இது தூக்கிப் போடுவதற்கும் காரணம், மழையில் வழுக்குவதற்கும் காரணம்.

உள்ளங்கையால் டயரைச் சுற்றிலும் தடவிப் பார்த்தால் இன்னும் விவரம் கிடைக்கும். மேடு பள்ளமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்து இருந்தால் ஷாக் அப்சார்பர் பலவீனம் என்று சந்தேகப்படலாம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து இருந்தால் வீல் அலைன்மென்ட் போயிருக்கிறது அல்லது முன்பக்கத்தில் ஏதோ ஆட்டம் இருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்து இருந்தால் காற்று அதிகம்.

அழகுக்காகப் பெரிய அலாய் வீலும், ஓரம் ஒல்லியான டயரும் மாட்டிய வண்டிகள் தூக்கிப் போடத்தான் செய்யும். அதிர்ச்சியை முதலில் வாங்குவது டயரின் ஓரச் சுவர். அதன் உயரத்தைக் குறைத்தால் அதிர்ச்சி மேலே வருகிறது. இதற்கு ஷாக் அப்சார்பர் மாற்றி எந்தப் பயனும் இல்லை.

டேப் வைத்து அளந்து பாருங்க

டயர் சரியாக இருந்தால் அடுத்து உயரம். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வீல் நடுவில் இருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளக்க வேண்டும். 4 வீலையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இடது, வலது பக்கம் நன்றாக வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இருக்கலாம், உடைந்தும் இருக்கலாம்.

ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டி ஏன் கடினமாகத் தூக்கிப் போடுகிறது என்று பலருக்குப் புரிவது இல்லை. சேசிசும் அச்சும் மோதிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பம்ப் ஸ்டாப்பர் என்ற ரப்பர் கட்டை இருக்கும். பெரிய பள்ளத்தில் மட்டும்தான் அது இடிக்க வேண்டும். ஸ்பிரிங் உட்கார்ந்து விட்டால் ஒவ்வொரு சின்னப் பள்ளத்துக்கும் அந்த ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். அப்போது அந்த வண்டிக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரிதான்.

இதைக் கண்டுபிடிக்க செலவே கிடையாது. அந்த ரப்பர் மீது சாக்பீசைத் தேய்த்துவிட்டு, காலி வண்டியைச் சாதாரண ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். எதிரே உள்ள இரும்பில் வெள்ளைத் தடம் பதிந்து இருந்தால் அடிக்கடி இடிக்கிறது என்று அர்த்தம். சில பழைய வண்டிகளில் அந்த ரப்பரே பிய்ந்து விழுந்திருக்கும். அப்போது இரும்பும் இரும்பும் மோதும்.

ஷாக் அப்சார்பர் சோதனை

வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அழுத்திவிட்டு கையை எடுக்க வேண்டும். மேலே வந்து ஒரு தடவை அடங்கி நின்றால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப ஆடினால் அந்தப் பக்க ஷாக் அப்சார்பர் முடிந்துவிட்டது. ஆனால் இந்தச் சோதனையில் முழுதாகச் செத்தது மட்டுமே தெரியும். பாதி போனது தெரியாது. கனமான எஸ்.யு.வி.யில் கையால் அழுத்துவதும் கஷ்டம்.

எனவே கீழே குனிந்து பார்ப்பது நல்லது. ஷாக் அப்சார்பர் மீது லேசான ஈரக்கசிவு, அதில் தூசி ஒட்டியிருப்பது பெரிய விஷயம் அல்ல. ஆயில் வழிந்து சொட்டும் அளவுக்கு இருந்தால் மாற்ற வேண்டியதுதான். மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ் நைந்து போயிருக்கிறதா, ராடு வளைந்து இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில நேரம் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கும், அந்தச் சின்ன ரப்பர்தான் போயிருக்கும்.

பட்டையில் கைவைக்கும் முன்...

லாரி கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாமக்கல் பக்கம் பட்டை வேலைக்குப் பஞ்சம் இல்லை. அதனால் "பட்டை உட்கார்ந்து விட்டது, கூட ஒரு பட்டை போட்டு விடுங்க" என்று கேட்கும் டிரைவர்களும் அதிகம். கூடுதல் பட்டை போட்டால் லோடு தாங்கும். ஆனால் காலி வண்டியில் பின் சீட்டில் உட்கார முடியாது. தினமும் லோடு ஏற்றாத டூரிஸ்ட் வண்டிக்கு இது தேவை இல்லாத வேலை. கம்பெனி கொடுத்த எண்ணிக்கையில், அதே அளவில் பட்டை இருந்தால் போதும். சேசிஸ் தாங்கும் எடையும், பிரேக் பிடிக்கும் எடையும் ஒரு பட்டை போடுவதால் கூடிவிடாது.

பட்டைகளுக்கு நடுவில் துருப்பிடித்து ஒன்றோடு ஒன்று உரசிப் பிடித்துக்கொண்டாலும் வண்டி விறைப்பாகும். வளையும்போது பட்டைகள் ஒன்றன் மீது ஒன்று வழுக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் வளையாது. ஷேக்கிள் புஷ் இறுகிப் போனாலும் இதே கதைதான். பட்டையைக் கழற்றித் துரு நீக்கி மாட்டினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். பழைய ஆயிலைப் பட்டை மீது ஊற்றும் பழக்கம் வேண்டாம். அது ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும். பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

புதுசு மாட்டிய பிறகும் தூக்கிப் போட்டால்?

டிரைவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். புதுப் பொருள் போட்ட பிறகு வண்டி கடினமானால் 5 காரணங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தொங்கிய நிலையில் போல்ட் டைட் செய்வது. லோயர் ஆர்ம் போன்றவற்றில் இருக்கும் ரப்பர் புஷ் சுற்றாது. உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் போல்ட்டோடு இறுகி நிற்கும், வெளிப்பக்கம் ஆர்மோடு ஒட்டி நிற்கும், நடுவில் உள்ள ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி வீல் தொங்கும்போது போல்ட்டை முழுசாக டைட் செய்துவிட்டால், வண்டியை இறக்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். அது இன்னொரு ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். வண்டி விறைப்பாகும். புது புஷ் சீக்கிரமே கிழிந்தும் போகும்.

இதற்கு வழி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் வீல் மீது நிற்கும் நிலையில் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை 2, 3 தடவை அழுத்தி ஆட்டிவிட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து டைட் செய்வதுதான். புதிதாக எந்தப் பொருளும் வாங்க வேண்டியது இல்லை. கூலி மட்டும்தான். கிரீஸ் அடிக்கும் ரக புஷ்ஷுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, வேறு மாடலுக்கான பொருள். ஒரே பெயரில் வரும் வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாறும். நீளம் குறைவான ஷாக் அப்சார்பரை மாட்டினால் வீல் கீழே இறங்கும்போது இழுத்து நிறுத்தி "டக்" என்று உதைக்கும். நீளம் அதிகமானால் பள்ளத்தில் முழுசாக அமுங்கி அடி வாங்கும். பழைய பொருளையும் புதிய பொருளையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பது 2 நிமிட வேலை.

மூன்றாவது, "ஹெவி டியூட்டி". லோடு வண்டிக்கும் காட்டுப் பாதைக்கும் செய்த கடினமான ஷாக் அப்சார்பரைக் கடைக்காரர் "நல்லா உழைக்கும்" என்று கொடுத்திருப்பார். உழைக்கும், உண்மைதான். ஆனால் பயணியின் முதுகும் சேர்ந்து உழைக்க வேண்டி வரும்.

நான்காவது, உயரத்தை ஏற்றுவது. குவாலிஸ் போன்ற டார்சன் பார் வண்டியில் போல்ட்டைத் திருகி முன்பக்கத்தைத் தூக்கி விடுவார்கள். அளவுக்கு மேல் தூக்கினால் வீல் கீழே இறங்க இடம் இல்லாமல் போகும். பள்ளம் வந்தால் இறங்கிக் கொடுக்காமல் உதைக்கும். பழைய அளவுக்கு இறக்கி, அலைன்மென்ட் பார்த்தால் சரியாகிவிடும்.

ஐந்தாவது, ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் வண்டி ஒரு பக்கமாகக் குதிக்கும், பிரேக் போடும்போது இழுக்கும். ஷாக் அப்சார்பரோ ஸ்பிரிங்கோ, முன் ஜோடி அல்லது பின் ஜோடியாக மாற்றுவதுதான் முறை.

இது எதுவும் இல்லை, புதுசு போட்டதால் லேசாக இறுக்கம் தெரிகிறது என்றால் பயப்பட வேண்டாம். செத்துப்போன ஷாக் அப்சார்பரில் ஓட்டிப் பழகியவருக்குப் புதுசு கடினமாகத்தான் தெரியும்.

உடனே வண்டியை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

தூக்கிப் போடுவது வெறும் சவுகரியப் பிரச்சினை மட்டும் அல்ல. காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்படிப்பட்ட ரோட்டில் இறங்கும்போது டயர் ரோட்டை விட்டுக் குதித்தால் அந்த நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. அதைவிட ஆபத்தானவையும் உண்டு.

பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் அது கழன்று வீல் மடங்கிவிடும். இதைச் சோதிக்க வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற வீல்களுக்குக் கல் வைத்து, முன் வீலை ஜாக்கியில் தூக்க வேண்டும். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங்கில் கோளாறு. இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

மெயின் பட்டையில் விரிசல், யு போல்ட் தளர்வு, சென்டர் போல்ட் உடைவு ஆகிய மூன்றும் அச்சையே இடம் மாற்றிவிடும். பின்னால் வரும் வண்டிக்காரர் "உங்க வண்டி கோணலாப் போகுது" என்று சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடைந்த காயில் ஸ்பிரிங் டயரில் குத்தும். இந்த நிலையில் ஒரு டிரிப் கூட ஓட்டக் கூடாது.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

மஞ்சள் போர்டு வண்டிக்கு வருமானமே ஓட்டத்தில்தான். 8 ஆண்டுகளைத் தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. பார்க்க வேண்டும் என்பதால், அரைகுறை வேலை எப்படியும் திரும்பச் செலவு வைக்கும். ஆகவே வண்டியை விடும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, தூக்கிப் போடும் அதே ரோட்டில் ஒரு சுற்று போய் வர வேண்டும். எதை மாற்றுகிறார், ஏன் மாற்றுகிறார் என்று கேட்க வேண்டும். கழற்றிய பழைய பொருளை வாங்கிப் பார்க்க வேண்டும். புதிய பொருளின் பார்ட் நம்பர் வண்டியின் ஆண்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, பில் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பக்க வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. அப்போதுதான் எதனால் சரியானது என்று தெரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அதிர்வு நிற்கவில்லை என்றால் கடைசியாகப் பார்க்க வேண்டியது பாடி மவுண்ட் ரப்பர். பொலிரோ, ஸ்கார்பியோ போன்றவற்றில் சேசிஸ் தனி, மேலே உள்ள பாடி தனி. இரண்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் நசுங்கிப் போனால் ரோட்டின் அதிர்வு அப்படியே உள்ளே வரும். பல வருடம் ஓடிய வண்டியில் டிரைவர் சீட்டின் பஞ்சு அமுங்கி உள்ளே இருக்கும் கம்பி குத்துவதும் உண்டு. தினமும் 10, 12 மணி நேரம் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இந்த அதிர்வு இடுப்பு வலியாக வந்து நிற்கும். வண்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முதுகெலும்பை மாற்ற முடியாது. எனவே நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்து, காற்றைச் சோதித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.